பழைய ரூபாயும் பதக்கமும் ஏலத்தில் விலைபோவது எப்படி

ஏலத்தில் ஒரு வெள்ளிக் காசு 40,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையைத் தீர்மானித்தவர் யார்? 38,000 வரை கூடவே ஏறி வந்து, இதற்குமேல் வேண்டாம் என்று நின்றுவிட்டவர். வாங்கியவர் ஒரு லட்சம் வரை போகத் தயாராக இருந்திருக்கலாம். எதிரில் ஆள் இல்லாததால் 40,000த்தோடு காசு அவர் கைக்கு வந்துவிட்டது. 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுக்கும்போது ஏலம் விடுபவர் கண்கள் தேடுவது இந்த இரண்டாவது ஆளைத்தான்.

நாணய ஏலத்துக்குப் புதியவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். காசு இன்னது என்று சரியாகச் சொல்வது, தேய்மானத்தை மதிப்பிடுவது, அசலா போலியா என்று பார்ப்பது, எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வைத்திருப்பது, தொடக்க விலையை அடக்கமாக வைப்பது என எல்லாமே அந்த இரண்டாவது ஆளைத் தயங்காமல் கேட்கவைப்பதற்கான வேலைகள்.

வயதை வைத்து விலை இல்லை

ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசுக்கு ஆயிரம் வயது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சாதாரண நிலையில் உள்ளவை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939 வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. அசல் என்று உறுதியானால் அதற்கு ஏலத்தில் பெரிய போட்டி. 1940 முதல் ரூபாயில் வெள்ளியின் அளவை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 1939 என்று ஆண்டு பொறித்த உயர்தர வெள்ளி ரூபாய் வெளியே வந்தது மிகச் சொற்பம். அதனால்தான் அந்தப் போட்டி.

1911 ரூபாயின் கதை வேறு மாதிரி. ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் மேலங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. அந்த ஆண்டு அச்சில் தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் பார்ப்பதற்குப் பன்றிபோல் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. வெளியே விடாமல் வைத்திருந்த பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அச்சிட்டார்கள். 'பன்றி ரூபாய்' என்றே இன்றும் பெயர். பக்கத்து ஆண்டுக் காசுகளைவிட 1911க்குக் கூடுதல் விலை கிடைப்பது இதனால்தான்.

எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் போதாது. ஒரு குறுநில அரசின் காசு உலகத்திலேயே பத்துதான் இருக்கலாம். அதைச் சேகரிப்பவர் ஒருவர் மட்டுமே என்றால் அது தொடக்க விலையிலேயே போய்விடும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களை ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர்கள் பல்லாயிரம் பேர். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பத் துடிப்பார்கள்.

வாட்ஸப்பில் வரும் கதைகளையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2012 என்று ஆண்டு பொறித்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகள் லட்சத்துக்குப் போகாது. கோடிக்கணக்கில் அச்சான காசுக்கு எதற்குப் போட்டி வரப்போகிறது? அனுமன், ராமர் பட்டாபிஷேகம் போட்டு 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று பொறித்த செப்புத் துண்டுகள் பின்னாளில் யாரோ அடித்துவிட்டவை. கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவில்லை. (மதராஸ் மாகாணத்தின் பழைய தங்க வராகன்களில் சாமி உருவம் உண்டு. அவை வேறு.) அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்று யாராவது வந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அது. பழைய காசை வாங்கித் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்கும் கும்பல்கள் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தாங்கள் இப்படிப்பட்ட வியாபாரத்தில் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று தெளிவாகச் சொன்னது.

வெள்ளி ரூபாயில் தொடங்கலாம்

பாட்டி பெட்டியில் பெரும்பாலும் இருப்பது வெள்ளி ரூபாய்தான். கற்றுக்கொள்ளவும் அதுவே நல்லது. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், விட்டம் ஏறக்குறைய 30.5 மில்லிமீட்டர். இந்த எடையும் தரமும் 1939 வரை மாறவில்லை. ஆகவே தேயாத ஒரு ரூபாயில் கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையை அதால் பெருக்கினால் வருவதுதான் அடிமட்ட விலை. அதற்குக் கீழே கேட்கும் எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதிதான், 5.8 கிராம் அளவு. 1947 ரூபாய் நிக்கல், அதில் வெள்ளியே இல்லை.

காசில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாய்கள் 1862 வரை அதே ஆண்டோடு அச்சாயின. 1862 என்று பொறித்தவை 1874 வரை ஓடின. பம்பாய் நாணயச்சாலை ஆண்டுக்கேற்பப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனது. அந்தப் புள்ளிகளை எண்ணத் தெரிந்தவருக்கு 1862 ரூபாய் ஒரே காசு அல்ல, பல காசுகள். 1840இலும் இரண்டு வகை உண்டு. 'விக்டோரியா குயின்' என்ற எழுத்து தலையைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடுவது ஒன்று, தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்பது இன்னொன்று. 1877 முதல் 'குயின்' மாறி 'எம்ப்ரஸ்' ஆகிறது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ஆண்டு இருக்கும் பக்கத்தின் அடியில் உள்ள பூவுக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை முதலில் வாங்குங்கள்.

இன்ன காசு என்று கண்டுபிடித்தபின் விலையைத் தேட வேண்டிய இடம் முடிந்த ஏலங்களின் பட்டியல். மும்பையின் டோடிவாலா, ஓஸ்வால், அகமதாபாத்தின் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் கேட்டலாக் வெளியிடுகின்றன. ஆன்லைன் கடைகளில் ஒருவர் கேட்கும் விலை வெறும் ஆசை. இரண்டு பேர் போட்டியிட்டு முடிந்த விலைதான் கணக்கில் சேரும். ஒரே காசின் நான்கைந்து முடிவுகளை எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

நிலை என்றால் என்ன

ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, ஆனால் ஒன்று 2,000க்கும் மற்றொன்று 20,000க்கும் போகிறதென்றால் காரணம் பெரும்பாலும் நிலைதான். இந்திய ஏலங்களில் வழங்கும் படிகள் கீழிருந்து மேலாக: ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட். ஃபைன் என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அது நன்றாகத் தேய்ந்த காசு. அன்சர்குலேட்டட் என்றால் புழக்கத்துக்கே வராதது.

தேய்மானத்தைப் பார்க்கக் காசின் மேடான இடங்களைப் பாருங்கள். விக்டோரியா என்றால் கிரீடமும் உடையின் பூவேலையும். எட்வர்டு என்றால் காதும் அதற்கு மேலுள்ள முடியும். ஜார்ஜ் என்றால் கிரீடத்தின் கற்கள், மேலங்கியின் யானை. அந்த இடங்களில் கோடுகள் மழுங்கிப்போய் ஈயம் பூசியதுபோல் சாம்பல் நிறம் தட்டியிருந்தால் காசு புழங்கியிருக்கிறது. புழங்காத காசை விளக்கின் கீழ் மெல்லச் சுழற்றினால் மையத்திலிருந்து ஒளிக்கற்றை வட்டமடிக்கும். அச்சடிக்கும்போது உலோகம் ஓரத்தை நோக்கி ஓடிய நுண்கோடுகள் தரும் ஒளி அது. ஒருமுறை போனால் திரும்ப வராது.

அமெரிக்காவின் என்ஜிசி, பிசிஜிஎஸ் ஆகிய நிறுவனங்கள் காசைப் பார்த்து 1 முதல் 70 வரை எண் கொடுத்துக் கண்ணாடிபோன்ற பெட்டியில் அடைத்துத் தருகின்றன. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவுகோலிலிருந்து வந்தது அந்த எண். 60 முதல் மேலே உள்ளவை புழங்காதவை. பெட்டியில் அடைத்த காசை நேரில் பார்க்காதவர்கூடத் துணிந்து கேட்பார் என்பதால் விலை ஏறுகிறது. ஆனால் 3,000 ரூபாய்க் காசுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. தேய்த்த காசை அனுப்பினால் எண்ணுக்குப் பதில் 'டீட்டெயில்ஸ், க்ளீன்ட்' (துலக்கியது) என்று எழுதி வரும். கட்டணம் போனது போனதுதான், காசின் குறையையும் பெட்டியிலேயே எழுதி ஒட்டியாகிவிட்டது.

புளி, விபூதி, பற்பசை, சபீனா என எதையும் காசில் வைக்காதீர்கள். விளக்கு துலக்குவதற்கு அவை சரி. காசில் பட்டால் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் விழும், மேலே சொன்ன ஒளி செத்துவிடும், சேகரிப்பவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். விற்கும் முன் பளபளப்பாக்கிக் கொண்டுவருவதுதான் புதியவர்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்ளும் மிகப் பெரிய நஷ்டம். வெள்ளியில் படிந்த கருமை, நீலம், பொன்னிறம் எல்லாம் இருக்கட்டும். அதற்காகவே கூடுதல் கொடுப்பவர்கள் உண்டு.

ஒரு விதிவிலக்கு. மலிவான பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி இருக்கும். வருடக்கணக்கில் காசு அதில் கிடந்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும், விட்டால் உலோகத்தை அரிக்கும். வெள்ளி, தங்கக் காசுகளில் இதைச் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, காற்றில் உலரவிட்டு நீக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு அருகில் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும் திரவம் அது. நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் மணமும் கலந்திருப்பதால் அது உதவாது. பிறகு பிவிசி இல்லாத உறையிலோ வட்டமான கேப்ஸ்யூலிலோ போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று செப்புக் காசுக்கு எமன். வெளிர்பச்சையாக மாவுபோல் உதிரும் புள்ளி தெரிந்தால் அந்தக் காசைத் தனியே பிரித்து உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள்.

போலியைப் பிடிக்க வீட்டுச் சோதனைகள்

0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசும், விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியும் இருந்தால் பாதிப் போலிகள் அங்கேயே மாட்டும். புழங்கிய ரூபாய் 11.4 அல்லது 11.5 கிராம் இருக்கலாம், அது தேய்மானம். 10 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். 11.66க்கு மேல் தெளிவாகக் கூடியிருந்தாலும் அப்படியே.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. காசின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முழுவதும் முக்குங்கள். தராசு இப்போது காட்டுவது காசு தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு 1.13 அளவில் காட்டினால் அடர்த்தி 10.3, நல்ல வெள்ளி. அதே எடையில் செப்பு-நிக்கல் போலி என்றால் 1.31 காட்டும், அடர்த்தி 8.9தான். காசு அடியைத் தொட்டால் எண் எக்கச்சக்கமாக எகிறும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைந்தாற்போல் வரும், அசலையே போலி என்று நினைத்துவிடுவீர்கள். மூன்று முறை செய்து பாருங்கள். தங்கத்துக்கும் இதே வழிதான். 1918இல் மட்டும் பம்பாயில் அச்சான சவரனும், அதே ஆண்டின் 15 ரூபாய்த் தங்கக் காசும் 7.99 கிராம், 22 காரட். அடர்த்தி 17க்கும் 18க்கும் இடையில் வர வேண்டும்.

உலோகம் சரியாக இருந்துவிட்டால் காசு அசல் என்று அர்த்தமில்லை. 1938 ரூபாயின் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கும் வேலை நெடுநாளாக நடக்கிறது. வெள்ளி அசல், எடை அசல், எண் மட்டும் போலி. லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றிய தரைப்பரப்பைப் பாருங்கள். உளி பட்ட கீறல், மற்ற எண்களோடு ஒட்டாத உயரம், நிறமாற்றம் தெரியும். வார்ப்பில் செய்த போலி என்றால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கலாக, பரப்பில் நுண்ணிய குழிகளோ கொப்புளங்களோ இருக்கும். விளிம்பில் தையல்போல் ஒரு கோடு ஓடலாம்.

ரீஸ்டிரைக் என்று ஒரு வகை இருக்கிறது. பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சுகளை வைத்து 1970 வரை புதிதாக அடித்துக் கொடுத்தன. அவை போலியல்ல, அரசே அடித்தவை. ஆனால் மூல ப்ரூஃப் (அந்தக் காலத்திலேயே தனிக் கவனத்தோடு அடித்த மாதிரிக் காசு) என்று சொல்லி விற்றால் அது மோசடி. கேட்டலாக்கில் 'ரீஸ்டிரைக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதக்கம் வேறு விளையாட்டு

காசுக்கு முகம் முக்கியம், பதக்கத்துக்கு விளிம்பு. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் 36 மில்லிமீட்டர் வெள்ளி வட்டம். லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், அதனால் பதக்கமாக அரிதில்லை. ஆனால் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் (மதராஸின் பொறியாளர் படை) என்று இருந்தால் அந்தப் படையின் வரலாற்றைத் தேடுபவர்கள் வருவார்கள். படையோடு சென்ற உதவியாளர்களுக்கும் தொழிலாளர் படையினருக்கும் இதே பதக்கம் வெண்கலத்தில் தரப்பட்டது. வெண்கலம்தானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அது வெள்ளியைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்கள் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமல் போயின, இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்துத் தந்தார்கள்.

ஒரே ஆளின் பதக்கங்களைப் பிரிக்கவே கூடாது. எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதரின் பணி வரலாறு. பிரித்துவிட்டால் அந்தக் கதைக்காக வரும் இருவரில் ஒருவராவது விலகிவிடுவார். டிஸ்சார்ஜ் தாள், புகைப்படம், பழைய ரிப்பன் எல்லாவற்றையும் கூடவே வையுங்கள். நைந்த ரிப்பனைப் புதிதாக மாற்ற வேண்டாம். மோசடி இங்கே விளிம்பில்தான் நடக்கும். சாதாரணப் பெயரை அராவிவிட்டுப் புகழ்பெற்ற படைப்பிரிவைப் பொறிப்பார்கள். வெர்னியரால் விட்டத்தை நான்கைந்து இடங்களில் அளந்தால் அராவிய இடம் குறைவாகக் காட்டும்.

பழைய பதக்கங்களில் நம் பக்கத்தோடு நேரடித் தொடர்புள்ளது ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம். 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த போருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி தந்தது. ஒரு பக்கம் சிங்கம் புலியை அமுக்குகிறது, மறுபக்கம் கோட்டை முற்றுகை. வடிவமைத்தவர் குக்லர், அச்சானது பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில். கல்கத்தாவில் அடித்தவை அளவில் சற்றுச் சிறியவை. பதவிக்கேற்பத் தங்கம், முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில் வெள்ளீயம். மதராஸ் படையின் சாதாரணச் சிப்பாய்க்கு வாய்த்தது வெள்ளீயம். பின்னாளில் அடித்த நகல்கள் நிறைய உலவுவதால் விட்டமும் உலோகமும் எழுதாத பட்டியலைப் பார்த்து இதைக் கேட்காதீர்கள்.

சட்டம் எங்கே குறுக்கிடும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். உள்நாட்டில் அதை வைத்திருக்கலாம், விற்கலாம். தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், ஏல நிறுவனத்திடம் அது உண்டா என்று கேட்பது முறை. நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை. லண்டனில் நல்ல விலை கிடைக்கும் என்று கூரியரில் போடுவதும், கனடாவிலிருந்து வந்த பிள்ளை பாட்டியின் விக்டோரியா ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டு போவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். மீறினால் சிறைத்தண்டனை வரை போகும். நூறு ஆண்டு என்ற கோடு ஆண்டுதோறும் நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். 1938 ரூபாய் 2038இல் உள்ளே வந்துவிடும். நூறு ஆகாத பொருளுக்குச் சந்தேகம் எழாமலிருக்கத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கலாம். இலங்கையிலும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி பழம்பொருளை வெளியே கொண்டுபோக உரிமம் தேவை.

மண்ணுக்குள் கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் என்ன, எவ்வளவு, எங்கே, எப்போது கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீடு இடிக்கும்போது கிடைத்த பானைக் காசை நேராக ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது.

உரிமை தெளிவாக இருந்தால் விலை என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் 1933 இருபது டாலர் தங்கக் காசு. 4,45,500 அடித்தும் புழக்கத்துக்கு விடாமல் உருக்கினார்கள். தப்பி வெளியே வந்தவற்றில் ஒன்றுக்கு மட்டும் தனியார் வைத்துக்கொள்ளலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. அது 2021 ஜூனில் நியூயார்க் சோத்பீஸில் 1.88 கோடி டாலருக்கு மேல் போனது. ஒரு குடும்பத்திடமிருந்து வெளிவந்த அதே காசுகள் பத்தை அரசு எடுத்துக்கொண்டது.

விற்கக் கொடுக்கும்போது

முதலில் ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படமெடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு மேசை விளக்குகளைப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் வைத்தால் எழுத்து தெளிவாக விழும். எடை, விட்டம், எப்படிக் கைக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். பதில் வந்ததும் கேட்க வேண்டியவை: விற்பவர் கமிஷன் எத்தனை சதவீதம், படத்துக்கும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா, விற்காவிட்டால் என்ன பிடித்தம், பணம் எத்தனை நாளில் வரும், வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் யார் பொறுப்பு. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. காசைக் கொடுக்கும்போது ஒவ்வொன்றின் எடையும் படமும் உள்ள ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். உங்கள் காசுக்கே உரிய கீறல் படத்தில் இருந்தால், திரும்பி வரும்போது அதே காசுதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ரிசர்வ் விலை என்பது அதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று நீங்கள் வைக்கும் தடுப்பு. எஸ்டிமேட் என்பது கேட்டலாக்கில் அச்சாகும் எதிர்பார்ப்பு. ஆசையில் ரிசர்வை ஏற்றிவைத்தால் யாரும் முதல் கையைத் தூக்க மாட்டார்கள். முதல் கை இல்லாவிட்டால் இரண்டாவது கை எங்கிருந்து வரும்? 30,000 போகும் என்று நினைக்கும் காசை 15,000இல் தொடங்கினால் ஐந்து பேர் நுழைவார்கள், நுழைந்தவர்களுக்கு விட மனம் வராது. சாதாரண ஜார்ஜ் ரூபாய்கள் ஐம்பது இருந்தால் ஒரே லாட்டாக, அதாவது ஒரே தொகுப்பாகப் போடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் கமிஷனிலேயே கரையும். அரிதான ஒன்றை மட்டும் பிரித்துத் தனி லாட்டாக்குங்கள்.

ஏலத்தில் முடிந்த விலையை ஹேமர் விலை என்பார்கள். அது 30,000 என்றும், விற்பவர் கமிஷன் 10 சதவீதம், வாங்குபவர் அதற்குமேல் நிறுவனத்துக்குக் கட்டும் பிரீமியம் 15 சதவீதம் என்றும் கொள்வோம். உங்களுக்கு 27,000 வரும். வாங்கியவர் 34,500ம் அதற்குமேல் வரியும் கட்டுவார். இடையிலுள்ள 7,500 நிறுவனத்துக்கு. ஒருவர் வீட்டுக்கு வந்து 25,000 ரொக்கம் தருகிறேன் என்றால் ஒப்பிட வேண்டியது 27,000த்தோடு. ஏலம் வரை காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் சில நேரம் நேரடி விற்பனையே நல்லது. ரொக்கத்தில் ஒரே நாளில் ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது.

கேட்கப் போகும்போது

பான் எண், முகவரி கொடுத்து முன்பே பதிவு செய்ய வேண்டும். சில இடங்களில் முன்பணமும் கேட்பார்கள். ஏலத்துக்கு முன் காசுகளைப் பார்வைக்கு வைக்கும் நாளில் போய் லென்ஸோடு பாருங்கள். முடியாதென்றால் விளிம்பின் படமும் சாய்ந்த ஒளியில் எடுத்த படமும் கேளுங்கள்.

உச்ச விலையைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். கையில் 50,000 இருக்கிறது, பிரீமியமும் அதன் வரியும் சேர்ந்து 24 சதவீதம் என்றால், 50,000ஐ 1.24ஆல் வகுக்க 40,322. ஆக 40,000த்தில் நின்றுவிட வேண்டும். காசின் விலைக்குத் தனி ஜிஎஸ்டி என்று விதிமுறையில் இருந்தால் இன்னும் குறையும். ஆன்லைனில் மணி ஓடும்போது இந்தக் கணக்கு தலையில் நிற்காது, தாளில் எழுதி முன்னால் வையுங்கள்.

நேரில் போகாமல் உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும் உண்டு. 40,000 எழுதினீர்கள், அடுத்தவர் 26,000 எழுதினார், ஏற்றம் 2,000 வீதம் என்றால் உங்களுக்கு 28,000க்கே கிடைக்கும். இருவரும் ஒரே தொகை எழுதினால் பொதுவாக முதலில் வந்த தாளுக்கு முன்னுரிமை. எனவே முழு எண்ணாக 40,000 எழுதுவதைவிட ஒரு படி மேலே 42,000 எழுத முடியுமா என்று பாருங்கள். எல்லோரும் முழு எண்ணில்தான் நிற்பார்கள்.

பொருள் வந்ததும் அன்றே எடை பார்த்து, கேட்டலாக் படத்தோடு ஒப்பிடுங்கள். திருப்பிக் கொடுக்க விதிமுறை தரும் நாட்கள் குறைவு. போலி என்று நிரூபித்தால் ஏற்பார்கள், நிலை பிடிக்கவில்லை என்பதை ஏற்க மாட்டார்கள். பல காசுகள் சேர்ந்த லாட்டைத் திருப்பவே முடியாது என்பது வழக்கமான விதி. பில்லையும் கேட்டலாக் பக்கத்தையும் காசோடு சேர்த்து வையுங்கள். பத்தாண்டு கழித்து விற்கும்போது அதுவே மூலச் சான்று.

விற்பவர் பக்கத்தில் ஒரு விஷயம் பாக்கி. உங்கள் காசு விலைபோகாமல் திரும்பினால் உடனே அடுத்த ஏலத்தில் போடாதீர்கள். கேட்டலாக் படிப்பவர்கள் ஒரு சின்னக் கூட்டம், அவர்களுக்கு ஞாபகம் அதிகம். யாரும் தொடாத காசு என்ற பெயர் வந்தால் அடுத்த முறையும் தயங்குவார்கள். ஓராண்டாவது ஆறப்போட்டு, ரிசர்வைக் குறைத்து, முடிந்தால் வேறு நிறுவனத்தில் கொடுங்கள்.